ஏரித்திட்டில் கட்டிய தார்ப்பாய்

அன்று ஏரியின் நடுத்திட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவியின் தம்பி, சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு கணவர், அவருடைய மனைவி. பரிசல்காரர் எங்களை இறக்கிவிட்டு, காலையில் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

எட்டாவதோடு படிப்பை விட்டதிலிருந்து எனக்குத் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. விரலெல்லாம் வெடித்து, குழம்புச் சோற்றைப் பிசைந்தால் உயிர் போகும். இந்த வேலையை விட்டால்தான் கை ஆறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விட்டுவிட்டு எதைத் தின்பது? வாணியம்பாடிப் பக்கத்து இந்தத் திட்டில் பட்டணத்து ஆட்களைக் கூடாரம் போட்டுத் தங்கவைக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. டேனரி மேஸ்திரியிடம் கடன் வாங்கி மிதவைச் சட்டை, பாய், பாத்திரம் எல்லாம் சேர்த்தேன். இவர்கள்தான் முதல் ஆட்கள். கடைக் கூடாரம் வேண்டாம், மூங்கிலும் கயிறும் தார்ப்பாயும் போதும் என்று அவர்களே கேட்டிருந்தார்கள்.

எனக்குப் பாம்பு பயம், மழை பயம், பரிசல் கவிழ்ந்துவிடுமோ என்று பயம். தீப்பெட்டியைக்கூடப் பை மேல் பை போட்டுச் சுற்றி வைத்தேன். தார்ப்பாய் மட்டும் டேனரியில் உப்புத்தோலை மூடிக் கிடந்தது, சும்மா கிடைத்தது. சோப்புத்தூள் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தோம். மச்சானை முகர்ந்து பார்க்கச் சொன்னேன்.

"சுத்தமா வாடையே இல்ல மாமா."

மனைவியிடம் நீட்டினேன். அவளும் இல்லையென்றாள். மூன்று பேருக்கும் பிழைப்பு அதே டேனரியில்தான்.

சாயங்கால வெயிலில் திட்டில் கட்டிய தார்ப்பாய் சூடேறியிருந்தது. குனிந்து உள்ளே போன அந்த அம்மா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"உள்ள ஏதோ செத்துக் கிடக்குங்க."

மச்சான் பதறிப்போய் உள்ளே நுழைந்து பாயையெல்லாம் புரட்டினான். "ஒண்ணும் இல்லியே மேடம். ஏரி வாடைதான்."

கணவர் தலையை மட்டும் உள்ளே விட்டு எடுத்தார். "ஏரி இல்லப்பா, தோலு. ஆம்பூர் தாண்டுறப்ப கார் கண்ணாடிய ஏத்துனோமே, அதே நாத்தம். காசு குடுத்து அதுக்குள்ளயே படுக்கணுமா?" என்று சிரித்தார். அவர் காலில் நல்ல தோல் பூட்ஸ்.

"வெளியவே பாய் போட்டுத் தர்றேன் சார், காத்தோட்டமா..."

"வேணாம்ப்பா. பரிசலக் கூப்பிடு."

பரிசல்காரருக்குப் போன் போட்டுவிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இருட்டுவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

"விடு மாமா, புதுசா ஒரு தார்ப்பாய் வாங்கிக்கலாம்" என்றான் மச்சான்.

"இன்னாத்த வச்சி வாங்குவ? உன் மூக்க அடமானம் வைக்கிறியா? அதுக்கு ஒரு பைசா தேறாது."

அந்த வாரமே சென்னைக்காரர் இணையத்தில் எழுதிவிட்டார்: இடம் அழகு, கூடாரம் பிணவாடை. அதற்குமேல் ஒருத்தரும் போன் செய்யவில்லை. புதுத் தார்ப்பாய் வாங்கினாலும் இனி யார் வந்து படுப்பார்கள்?

கடன் தீரும்வரை தொட்டியை விட்டுப் போகக்கூடாது என்பது மேஸ்திரியோடு பேச்சு. கையுறைக்குள் விரல்கள் நீர் கோத்து வீங்குகின்றன. மிதவைச் சட்டைகளைப் பாதி விலைக்கு விற்றுக் கட்டியாயிற்று. வாராவாரம் கூலியிலும் பிடிக்கிறார்கள். இன்னும் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.