பன்னிரண்டு டிகிரிக் கடல்

அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பெட்டியின் பின்பக்கம் காதை வைத்துக் கேட்பான். அவன் மனைவி நர்ஸ். கல்யாணமான மூன்றாம் வருடம் வெளிநாட்டில் குளிர்க்கடல் ஓரத்து ஊர் ஒன்றில் வேலை கிடைத்துப் போனாள். போய் ஐந்து வருடமாகிறது. வீட்டில் அவனும் மாமியாரும்தான்.

தினமும் காலையில் அவள் போன் வரும். உடம்பு, சாப்பாடு, வேலை எல்லாம் பேசி முடித்ததும் அவன் கேட்பான்: "கடல் எப்படி இருக்கு?"

"இன்னைக்குச் சாம்பல் நிறமா கிடக்கு. பாறை இடுக்குல பூ மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குமாம். தொட்டா கையைக் கவ்விக்குமாம்."

அந்தப் பூவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. குளிரவைப்பது கைவந்த தொழில். முன்னறையில் பெரிய கண்ணாடித் தொட்டியை வைத்து, உப்பு கரைத்து, பழைய வாட்டர் கூலரின் கம்ப்ரஸரை இணைத்தான். தண்ணீர் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கியது. வெளிக்கண்ணாடி வியர்த்துத் தரையெல்லாம் ஈரமானது.

மாமியார் தரை துடைக்கும் துணியோடு வந்து நின்றார். "ஏன் மாப்பிள்ளை, மீனுக்கு ஏசி, எனக்கு மட்டும் ஃபேனா?"

"மீன் இல்ல, அத்தே. பூ."

"பூவுக்கா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வண்ணமீன் கடையில் சொல்லி வரவழைத்த இரண்டு கடற்பூக்களும் மூன்றே நாளில் கூழாகிவிட்டன. கடைக்காரர் வீட்டுக்கே வந்து தண்ணீருக்குள் சுருண்டிருந்த குழாயைக் காட்டினார். "செம்புக் குழாயை உள்ளே விட்டிருக்கீங்களே! எலும்பில்லாத உயிருக்கு இது விஷம்ங்க."

பதினெட்டு வருடமாகச் செம்பையே வளைத்துப் பழகிய கை. அன்று அவன் வேலைக்குப் போகவில்லை. போனில் அவளிடமும் சொல்லவில்லை.

பழைய தொட்டியைத் தூக்கிப் போட்டான். வியர்க்காதிருக்க இரட்டைக் கண்ணாடியில் புதுத் தொட்டி செய்யச் சொன்னான். உப்புத்தண்ணீரில் விஷமாகாத டைட்டானியம் குழாய் வாங்கினான். இந்த முறை அவசரப்படவில்லை. தண்ணீர் பக்குவப்பட ஏழு வாரம் வெறும் கல்லும் தண்ணீருமாக ஓடவிட்டான். வேலை முடிந்து வந்ததும் அந்த வெறுந்தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவான். எட்டாவது வாரம் ஒரே ஒரு கடற்பூ வந்தது. நான்கு நாள் மூடியே கிடந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் மாமியார் போன் செய்தார்: "மாப்பிள்ளை, உங்க பூ விரிஞ்சிடுச்சு. சீக்கிரம் வாங்க."

அந்த வருடம் அவளுக்கு இருபது நாள் லீவு கிடைத்தது. வந்தவள் பையைக்கூட இறக்காமல் தொட்டி முன்னால் நின்றாள்.

"கையை விட்டுப் பாரு. உங்க ஊர்க் குளிர் இருக்கா சொல்லு."

அவள் மணிக்கட்டுவரை விட்டாள். விரல் நுனியைச் செந்நிற இதழ்கள் மெல்லக் கவ்வின. அவள் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு எப்படித் தெரியும்ங்க? நான் கடலுக்குள்ள காலே வச்சதில்ல."

"அப்ப தினம் சொன்னது?"

"பஸ் ஜன்னல்ல பாத்தது பாதி. வார்டுல ஒரு மீனவத் தாத்தா சொன்னது மீதி. நீங்க ஆசையா கேப்பீங்க. வேலை முடிஞ்சா ரூம், ரூம் விட்டா வேலைன்னு சொல்ல மனசு வரல."

அவன் உள்ளே போய்த் துண்டு எடுத்து வந்து, விறைத்துப்போன அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

இருபது நாளும் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிட்டது. அவள் போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. காற்று இரைச்சலில் குரல் பாதிதான் கேட்டது.

"கரையில நிக்கிறேங்க. பாறையெல்லாம் ஒரே பாசி. துணைக்கு ஆளில்லாம எறங்கப் பயமா இருக்கு."

"பாத்து. உக்காந்து உக்காந்து எறங்கு."

அவள் இறங்கி, பாறை இடுக்குப் பூவைப் பார்த்து, மறுபடி ரோட்டுக்கு ஏறிவிட்டேன் என்று சொல்லும்வரை அவன் போனை வைக்கவில்லை.