ஜெயக்குமார் பெயரில் வந்த பார்சல்

வளவனுக்குத் திருவானைக்காவலில் பேட்டரிக் கடை. அவன் மனைவி ரஞ்சனி தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருந்தாள். ஆன்லைனில் எதை வாங்கினாலும் டெலிவரி சார்ஜ் கட்ட அவளுக்கு மனசே வராது. அதற்காக வேண்டாத சாமானைச் சேர்த்து வாங்குகிறவளும் இல்லை. கூட வேலை பார்க்கும் ஜெயக்குமாருக்கு வேண்டியதையும் சேர்த்து ஒரே ஆர்டராகப் போட்டுவிடுவாள். தொகை கூடிவிட்டால் டெலிவரி இலவசம். பார்சல் சென்டருக்கே வரும், அங்கேயே பிரித்துக்கொள்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்டர் பூட்டியிருந்ததால், பார்சல் வீட்டுக்கு வந்தது. அட்டைப்பெட்டியின் மேல் ஜெயக்குமார் பெயர். கீழே இவர்கள் வீட்டு விலாசம். வளவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இந்த முறை ஆர்டர் போட்டது ஜெயக்குமார், ஞாயிற்றுக்கிழமை சென்டர் இருக்காதென்று நம் விலாசத்தைக் கொடுத்துவிட்டார் என்று ரஞ்சனி சொன்னாள். அவனும் தலையாட்டினான். ஆனால் அன்றிலிருந்து அவள் போனைப் பார்த்துச் சிரித்தால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டால், ஜெயக்குமார் ஆர்டரில் ஷேவிங் பிளேடு சேர்க்கச் சொல்கிறார் என்பாள். பிளேடில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை.

யோசித்து யோசித்து, அவள் ஆர்டர் போடும் ஆப்பில் அவளுக்கு ஒரு வருடத்துக்கு மெம்பர்ஷிப் கட்டினான்.

"இனிமே தனியா ஒரு சோப்பு வாங்கினாலும் டெலிவரி ஃப்ரீ. யாரையும் சேத்துக்க வேண்டாம்."

ரஞ்சனிக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வாரமே ஜெயக்குமாரின் சாமான்களும் வீட்டுக்கு வந்தன. நமக்குத்தான் இலவசமாயிற்றே, அவரையும் இதிலேயே போடச் சொல்லிவிட்டேன் என்றாள்.

சாயங்காலம் ஜெயக்குமாரே வந்தான். ஒல்லியான, மரியாதையான ஆள். வளவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த மெத்தென்ற செருப்பை ரஞ்சனியிடம் கொடுத்தான். "குதிகால் வலிக்கு இது ஒத்துவருதான்னு பாருங்க மேடம். இல்லன்னா ரிட்டர்ன் போட்டுடலாம்."

அவளுக்குக் குதிகால் வலி என்பதே வளவனுக்கு அப்போதுதான் தெரியும்.

ஜெயக்குமார் போனபிறகு வளவன் கேட்டான். "எப்பலேருந்து வலி?"

"மழைக்காலத்துலேருந்துங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஆர்டர் போடறப்ப எனக்கு என்ன வேணும்னு அவர் கேட்டாரு, சொன்னேன். நீங்க கேக்கல."

கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் அவனை அதிகமாகக் குத்தியது.

அந்த வாரமே கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு அவளை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனான். டோக்கனுக்குக் காத்திருந்தபோது அவள் போனை வாங்கி, அடுத்துப் போடவிருந்த ஆர்டரைத் திறந்தான். ஜெயக்குமாரின் டீத்தூள் அதில் இருந்தது. எடுத்துவிடலாமா என்று விரல் கொஞ்ச நேரம் அதன்மேல் நின்றது. பொறாமை ஒன்றும் ஆறிவிடவில்லை. இருந்தாலும் விட்டுவிட்டான்.

"உனக்கு என்னென்ன வேணும், சொல்லு" என்றான்.

ரஞ்சனி அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.