கணினி கொடுத்த இலேசான கணக்கு

போன வருடம், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். விடாத மழைக் காலம். இரண்டு பஸ் மாறிப் பாடசாலைக்கு வந்து சேரும்போதே பாதி உயிர் போய்விடும். அந்த நேரம் பார்த்துத்தான் கணினியில் பரீட்சை வைக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

சரியாகப் பதில் சொன்னால் கணினி அடுத்த கேள்வியைக் கொஞ்சம் கஷ்டமாகக் கொடுக்கும், பிழைவிட்டால் இலேசாக்கும். கடைசியில், எந்தப் பிள்ளை எதில் பின்தங்கியிருக்கிறது, என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லும். அதை வைத்து, நன்றாகச் செய்கிற பிள்ளைகளை மட்டும் சாதாரண தரப் பரீட்சைக்கான மேலதிக வகுப்புக்குத் தெரிவு செய்வதாக இருந்தது.

வகுப்பில் ஒரு கெட்டிக்காரி இருந்தாள். அம்மா கொழுந்து பறிக்கிறவர். பின்னக் கணக்கை நான் எழுதி முடிக்குமுன் விடை சொல்கிற பிள்ளை. அவளுக்குக் கணினி சொன்னது, பின்னங்களை அடிப்படையிலிருந்து படிக்க வேண்டும் என்று. மேலதிக வகுப்பில் இடமில்லை. இருக்கிற அலுப்பில் இது வேறா என்று எரிச்சலோடு அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சரியா செஞ்சா மேல மேல கஷ்டமா குடுக்குதுங்க டீச்சர். அதான் வேணும்னே பிழையா போட்டேன்."

"ஏம்மா அப்படி?"

"ஒரு நாள் கூட பறிச்சு காட்டிட்டா, அப்புறம் தெனமும் அந்த கிலோவதான் கேப்பாங்கன்னு அம்மா சொல்லுவாங்க. எடுக்க முடியாட்டி அரைப்பேருதானாம்."

அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். நானும் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவள்தான். திட்ட வாய் வரவில்லை.

"இங்க யாரும் பேர் வெட்ட மாட்டாங்கம்மா. முடியலன்னா முடியலன்னு விட்டுடலாம்," என்றேன்.

"அப்ப நல்லா செஞ்சா என்னங்க டீச்சர் கெடைக்கும்?"

"இன்னும் கஷ்டமான கணக்குதான்."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் திரும்பவும் பரீட்சை எழுத வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கேள்விகள் ஏறிக்கொண்டே போயின. ஒரு கட்டத்தில், தாளில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்து, "இது எனக்கு தெரியலைங்க டீச்சர்," என்றாள், பயப்படாமல். அவளுக்கு வகுப்பில் இடம் கிடைத்தது. என் அலுப்பெல்லாம் பறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வழக்கம்போல பஸ்ஸில் தூங்கித்தான் வீடு போனேன்.

ஆனால் இப்போதும் ஒரு பிள்ளைக்குப் பயிற்சி போதாது என்று முடிவு வந்தால், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், தெரியாமல் விட்டாயா, தெரிந்ததைக் காட்டப் பயந்தாயா என்று ஒரு வார்த்தை கேட்காமல் அந்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.