பச்சை வேட்டியில் மூன்று நாள்

நான் ஐந்தாவது வரை படித்தவன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மரவேலை பார்க்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. என் மனைவி இறந்து மூன்று வருடம் கழித்து, ஒரு கார்த்திகை மாதம், அக்கா எனக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். ஆட்டையாம்பட்டியில் முறுக்குச் சுற்றும் பெண், கணவரை இழந்து பல வருடம் ஆனவர், குழந்தை இல்லை. அவர் சம்மதித்துவிட்டார், உன் பதில்தான் பாக்கி என்றாள் அக்கா.

அக்கா மகள் போனில் படம் அனுப்பினாள். நான் அதைத் திறக்கவே இல்லை. பார்த்த பிறகு வேண்டாம் என்றால் முகத்துக்காக வேண்டாம் என்றதாக ஆகும். சரி என்றாலும் முகத்துக்காகச் சரி என்றதாகத்தானே ஆகும்? கட்டிக்கொடுத்த என் மகளிடம் கேட்டேன். "உங்க இஷ்டம்ப்பா" என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாளா, அழுதுகொண்டு சொன்னாளா என்று போனில் தெரியவில்லை. மார்கழியில் நல்ல காரியம் பேச மாட்டார்கள் என்பது எனக்கு ஒரு சாக்காக இருந்தது. தை பிறந்ததும் அந்தச் சாக்கும் தீர்ந்தது.

அப்போதுதான் அக்கா மகள் இந்த நடைப்பயணத்தைப் பற்றிச் சொன்னாள். அவள் சேலத்தில் அஸ்தம்பட்டியில் வேலை செய்கிறாள். அங்கே மன ஆலோசனை சொல்லும் ஒரு அம்மா, வாழ்க்கை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் திரும்பும் நேரத்தில் நிற்கிறவர்களைச் சேர்த்துக் கோயிலுக்கு நடத்திக் கூட்டிப்போகிறாராம். துணையை இழந்தவர்கள், வேலை போனவர்கள், ஓய்வு பெற்றவர்கள். சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி, மல்லசமுத்திரம் வழியாகத் திருச்செங்கோட்டு மலை வரை மூன்று நாள். "மாமா, நடந்தா மனசு தெளியுமாம்" என்று என் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

கிளம்பும் அன்று அக்கா ஒரு பச்சை வேட்டியும் துண்டும் கொண்டுவந்து நீட்டினாள். பச்சை கட்டுவது பழனிக்கு மாலை போட்டு நடப்பவர்கள். "இது பழனி இல்லக்கா" என்றேன்.

"நடக்கறதுன்னா நடக்கறதுதான். கட்டுடா. செருப்பும் போடாதே, குத்தம்."

கட்டிக்கொண்டேன். சேலத்தில் போய்ப் பார்த்தால் மற்ற நாலு பேரும் தொப்பியும் மெத்து வைத்த ஷூவுமாக நிற்கிறார்கள். ஆலோசகர் அம்மா என் காலைப் பார்த்தார். "நீங்க பழனிக்குங்களா?" என்று கேட்டார். இல்லீங்க என்றேன்.

ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எதை விட்டுவிட்டு வருகிறீர்கள், எதை நோக்கிப் போகிறீர்கள் என்று இரண்டு கேள்வி. மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நான் இரண்டுக்கும் தெரியவில்லை, தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். நடக்கும்போது பேசக்கூடாது என்பது அவருடைய விதி. எனக்கு அது ஒன்றுதான் சுலபமாக இருந்தது.

கொண்டலாம்பட்டி தாண்டியதும் தொல்லை ஆரம்பமாயிற்று. தை மாதம் அந்த ரோட்டில் பழனிக்குப் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். ஊர்க்காரர்கள் பந்தல் போட்டு மோர் கொடுப்பார்கள், காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். எங்கள் ஐந்து பேரில் அவர்கள் கண்ணில் பட்டது நான் ஒருவன்தான். ஒரு பெரியவர் நடுரோட்டில் என் காலில் விழுந்தார். நான் பின்னால் நகர, அவரும் மண்டியிட்டபடியே முன்னால் வந்தார். எங்களோடு வந்த ஓய்வு பெற்ற வாத்தியார் பேசக்கூடாது என்பதையும் மறந்து, "சாமி, எனக்கும் பென்ஷன் சீக்கிரம் வரணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கும்பிட்டவரிடம் நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. சொல்லாமல் கும்பிடு வாங்கிக்கொண்டு நடப்பதும் திருட்டுப் போல இருந்தது.

இரண்டாம் நாள் காலை ஆட்டையாம்பட்டியை விட்டு வெளியே வந்தபோது எனக்குக் குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. நொண்டிக்கொண்டு பின்தங்கினேன். ஒரு மோர்ப் பந்தலில் நாலைந்து பெண்கள் என்னைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஒருவர் கீழே உட்கார்ந்து என் காலைத் தூக்கித் தண்ணீர் ஊற்றினார். வெட்கத்தில் நான் நிமிரவில்லை. அவருடைய கைகளை மட்டும்தான் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் காய்த்திருந்தது. வலது கட்டைவிரல் ஓரத்தில் எண்ணெய் சுட்ட பழைய தழும்பு.

"இப்படிப் பொத்துப் போயிருக்குது. செருப்பில்லாம நடக்கச் சொன்னது ஆருங்க சாமி?"

"அக்காங்க."

பந்தலே சிரித்தது. "அந்த முருகனுக்கே பயப்படாத சாமி, அக்காளுக்குப் பயப்படுதுடி!" என்றாள் ஒருத்தி.

கீழே இருந்தவர் சிரித்தாரா என்று தெரியாது. விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் புண்ணில் வைத்துத் துணி சுற்றினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு வேண்டுதலுங்க சாமி. எனக்கு ஒரு பதில் வரோணும். ஆமான்னாலும் சேரி, இல்லீன்னாலும் சேரி. இழுத்துக்கிட்டே கெடக்குது. மலை மேல போயி எனக்காக ஒரு வார்த்தை கேளுங்க."

"கேக்கறேனுங்க" என்றேன். எழுந்து நடந்துவிட்டேன்.

மத்தியானம் மல்லசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா போன் பண்ணினாள். "பாத்தியாடா?"

"ஆரை?"

"ஆட்டையாம்பட்டிப் புள்ளயத்தான். மோர்ப் பந்தல்ல நிக்கறேன்னு சொல்லுச்சே. நொண்டுனாலும் நொண்டாட்டியும் பச்சை வேட்டி கட்டிக்கிட்டு என்ர தம்பி வருவான்னு சொல்லி வெச்சிருந்தேன்."

இலையிலிருந்து கையை எடுத்தேன். அக்கா விவரம் தெரியாமல் வேட்டியைக் கொடுத்தாள் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அடையாளத்துக்காகக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அன்று காலை மட்டும் அந்தப் பந்தலுக்குப் பச்சை வேட்டி கட்டியவர்கள் முப்பது பேராவது வந்திருப்பார்கள். எல்லோர் காலையும் அவர்கள் கழுவினார்கள். அவர் என்னிடம் கேட்டாரா, யாரோ ஒரு சாமியிடம் கேட்டாரா? முதலில், அது அவர்தானா?

கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் படத்தை முதல் தடவையாகத் திறந்தேன். கல்யாண வீட்டில் எடுத்த படம். முகம் நன்றாகத் தெரிந்தது. அந்த முகத்தை நான் பந்தலில் பார்க்கவில்லை. நான் பார்த்த கைகள் படத்தில் முந்தானைக்குள் இருந்தன. பெரிதாக்கிப் பார்த்தேன். துணிதான் பெரிதாயிற்று.

மூன்றாம் நாள் மலைப்படி ஏறும்போது ஆலோசகர் அம்மா என் பக்கத்தில் வந்தார். "இப்ப ஏதாவது தெளிவாச்சுங்களா?"

"இன்னும் கலங்கிப் போச்சுங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு என்னோடு மெதுவாக ஏறினார். நல்ல மனுஷி.

மேலே ஆண் பாதி பெண் பாதியாக நிற்கும் சாமி முன்னால் கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு நின்றேன். கொடுத்த வாக்கை மீறக்கூடாதே. ஒருத்தர் ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிறார், சீக்கிரம் வரவேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டேன். கேட்டு முடித்ததும் வெட்கமாகப் போய்விட்டது. அது அவராகவே இருந்தால், பதில் என் சட்டைப் பையில் அல்லவா இருக்கிறது? அதைப் போய்ச் சாமியிடம் கேட்கிறேன். அவராக இல்லாவிட்டாலும், இன்னொருவர் இதேபோலக் கார்த்திகையிலிருந்து காத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வெளியே வந்து பாறை ஓரமாக நின்று, அக்காவிடம் நம்பர் வாங்கி நானே கூப்பிட்டேன். எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது.

"ஆருங்க?"

"நானுங்க... பச்சை வேட்டிங்க."

"எந்தப் பச்சை வேட்டிங்க?"

எனக்கு வியர்த்துவிட்டது. "குதிகால்ல... மஞ்சள் வெச்சீங்களே."

கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "மலை மேல கேட்டீங்களா?"

"கேட்டேனுங்க."

"என்ன பதிலுங்க?"

"ஆமாங்க" என்றேன்.

"சேரிங்க. அடுப்புல முறுக்குக் கெடக்குது. வரும்போது செருப்புப் போட்டுக்கிட்டு வாங்க." போனை வைத்துவிட்டார்.

பந்தலில் அவருக்கு என்னைத் தெரிந்திருந்ததா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. கீழே இறங்கியதும் தேர்வீதியில் ஒரு செருப்புக் கடைக்குப் போனேன். எத்தனாம் நம்பர் என்று கேட்டார் கடைக்காரர். எனக்கு அதுவும் மறந்துபோயிருந்தது. துணி சுற்றிய காலைத் தூக்கிக் காட்டினேன்.