சந்தனம் வைத்த டாங்கிள்

ஜெயப்ரியாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஆயுத பூஜை என்றால் கத்தரிக்கோலிலிருந்து கம்ப்யூட்டர் மவுஸ் வரைக்கும் பொட்டு வைத்தாக வேண்டும். இந்த வருஷம் கம்ப்யூட்டரில் செருகியிருந்த டாங்கிளையும் பிடுங்கித் தட்டில் வைத்து, நன்றாகக் குழைத்த சந்தனத்தை அதன் செருகுகிற முனையில் அப்பினாள். சோறு போடுகிற சாமான் அதுதானே என்று நினைத்தாள். நினைத்ததில் தப்பில்லை, அப்பிய இடம்தான் தப்பு.

பன்னிரண்டு வருஷமாக ஆரணியில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவள் அவள். பூவோ மயிலோ, திரையில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பாள். அதன்படி அட்டையில் துளை அடித்துத் தறியில் ஏற்றுவார்கள். வரைகிற சாஃப்ட்வேரைக் கம்பெனிக்காரன் சும்மா விட்டுவிடவில்லை. காப்பி அடித்து ஊரெல்லாம் பரப்பிவிடுவார்கள் என்று, கட்டைவிரல் அளவில் ஒரு பூட்டைக் கூடவே கொடுத்திருந்தான். அதுதான் டாங்கிள். சாஃப்ட்வேரைப் பத்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் டாங்கிள் எதில் செருகியிருக்கிறதோ அதில்தான் திறக்கும்.

விஜயதசமி காலையில் துடைத்துச் செருகினாள். அதன் சின்ன விளக்கு எரியவில்லை. ஊசியால் சந்தனத்தைச் சுரண்டினாள், வெயிலில் காயவைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

பெங்களூரில் இருந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டாள். "அதை அப்படியே அனுப்புங்க மேடம், நம்பரைச் சரிபார்த்து வேற தர்றோம். பதினஞ்சு நாள் ஆகும். தொலைஞ்சிருந்தா முழு சாஃப்ட்வேரையும் புதுசாத்தான் வாங்கணும், உங்களுக்குப் பரவாயில்ல" என்று ஆறுதல் வேறு சொன்னான் அந்தப் பையன்.

போனை வைத்த கையோடு சேவூர் நெசவாளர் தணிகாசலம் வந்து நின்றார். அவர் தறியில் பாவு நூல் ஏற்றித் தயாராக இருந்தது. அவருக்குப் போட்ட முந்தானை டிசைனில் மயிலின் கழுத்து ஓரிடத்தில் ஒட்டாமல் நின்றதைச் சரிசெய்து தருவதாக ஜெயப்ரியா வாக்குக் கொடுத்திருந்தாள்.

"இன்னாம்மா, மயிலு ரெடியா? இன்னிக்கு அட்டை அடிக்கக் குடுத்தாத்தான் ஐப்பசி முகூர்த்தத்துக்கு நெய்ய முடியும். பொண்ணு ஊட்ல தினம் போன் பண்ணிகினே கீறாங்க. ஆர்டர் போச்சுன்னா ரொம்ப பேஜாராயிடும்மா."

"சாயங்காலம் தந்துடறேங்க" என்று சொல்லிவிட்டாளே தவிர, எப்படித் தருவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊரில் அதே சாஃப்ட்வேர் வைத்திருந்த இன்னொருவர் அன்பழகன். அவர் கடைக்குப் போகத்தான் அவளுக்குக் கால் எழவில்லை. போன தை மாசம் போளூர் பஸ்ஸில் அவருடைய பை தொலைந்து, டாங்கிளும் அதோடு போய்விட்டது. "ஒரே ஒரு நாள் உன்னோடதைக் குடும்மா" என்று வந்து நின்றார். லைசென்ஸ் என் பேரில் இருக்கிறது, கம்பெனி கேட்டால் என்ன சொல்வேன் என்று சட்டம் பேசி அனுப்பிவிட்டாள். சட்டம் கொஞ்சம்தான் காரணம். போட்டிக்காரர் கொஞ்ச நாள் படுத்துக் கிடந்தால் நமக்கு நல்லதுதானே என்ற நினைப்புதான் பெரிய காரணம். அது அவளுக்கும் தெரியும்.

வேறு வழியில்லாமல் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"டாங்கிளை வெளிய குடுக்க மாட்டேம்மா. இன்னொரு தபா போச்சுன்னா தாங்காது. ஃபைல எடுத்தாந்திருந்தா இங்கியே குந்தி முடிச்சுக்கோ."

பென் டிரைவைச் செருகும்போது அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று தணிகாசலத்திடம் சொல்லிப் போட்ட டிசைன் அது. அன்பழகனோ நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவள் முடிக்கிற வரை ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

"என் மிஷின்ல ஏதாச்சும் காப்பி கீதான்னு பாத்து அழிச்சுட்டுப் போம்மா" என்றார் கடைசியில். "நாளைக்கு இதே மயிலு வேற சேலையில வந்துச்சுன்னா எம்மேல சந்தேகம் வரும்."

அழித்தாள். எழுந்து நின்றவளுக்குச் சும்மா போக மனசு வரவில்லை.

"அண்ணா, தை மாசம் எப்படிச் சமாளிச்சீங்க?"

"எங்கம்மா சமாளிக்கறது? புதுசு வாங்கற வரைக்கும் நாலு மாசம் பவர்லூம்ல கூலிக்குப் போய்கினு இருந்தேன்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள்.