தையல்கார அக்காவின் விண்ணப்பம்

வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே தையல்கார அக்கா ஜெபிப்பாள். வார்த்தை வராது, 'ம்ம்... ம்ம்' என்ற முனகல்தான் வரும். ஆண்டவருக்கு அது புரியுமாம். ஊசியை எடுத்துவிட்டாலோ தெருவுக்கே கேட்கும். "ஆண்டவரே, என் தங்கச்சி மனச இளக்கும். அவளே வந்து என்கிட்ட மன்னிப்பு கேக்கணும். இன்னைக்கே வந்தா ரொம்ப நல்லது."

பக்கத்துக் கடையில் பொத்தான் விற்பவர் பொல்லாத ஆள். "என்னக்கா, இன்னைக்கும் அதே மனுதானா? அவரு காதைப் பொத்திக்கப் போறாரு" என்பார்.

"கேக்கிறவ கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். அவரே சலிச்சுக்கல, உங்களுக்கென்ன வந்துச்சு?" என்று மிஷினை ஓட்டுவாள் அக்கா.

சண்டைக்குக் காரணம் ஒரு கல்யாண கவுன். தங்கை மகள் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து அவளுக்குச் சட்டை தைத்தவள் இந்தப் பெரியம்மாதான். கல்யாணம் என்று வந்ததும் தங்கை பெரிய கடையில் கவுனை வாங்கிவிட்டாள். அக்காவுக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே, கல்யாணத்துக்கே போகவில்லை. அன்றோடு பேச்சு அறுந்தது. கூடப்பிறந்தவளைப் பார்க்காமல் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தானாக இறங்கிப் போகவும் மனம் வரவில்லை. ஆகவே பாரத்தையெல்லாம் ஆண்டவர் தலையில் போட்டுவிட்டாள்.

போன வாரம் ஒரு கல்யாணப் பெண் கவுனைப் போட்டுப் பார்க்க வந்தாள். அக்கா தரையில் மண்டியிட்டு, வாய் நிறைய ஊசியோடு, ஓரத்தை மடித்துக் குத்திக்கொண்டிருந்தாள். பெண்ணோ ஒரு நிலையில் நிற்கவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஓரம் கோணிக்கொண்டே போயிற்று. அக்கா நிமிர்ந்து முறைத்தாள்.

"பெரியம்மா வர்றேன்னாங்க. அவங்க பாக்காம எப்படிக்கா?" என்றாள் பெண்.

அக்காவின் கை நின்றுவிட்டது. தங்கை மகளும் அன்று ஆலய வாசலை இப்படித்தானே பார்த்திருப்பாள்? ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து வைத்தாள். மண்டியிட்டபடியே, அந்தப் பெண்ணுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்: "ஆண்டவரே, இத்தனை நாளா ஆள் மாத்திக் கேட்டுட்டேன். இளக வேண்டியது என் மனசுதான்."

பெண்ணின் பெரியம்மா வந்து பார்த்த பிறகு அக்கா மிச்ச ஓரத்தையும் முடித்தாள். கடையைப் பொத்தான்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு பஸ் ஏறினாள். தங்கையிடம் என்னென்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை. தங்கை கதவைத் திறந்ததும் அத்தனையும் காற்றில் போயிற்று.

"தப்பு என் மேலதான்டி. நான் கல்யாணத்துக்கு வந்திருக்கணும்."

தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கழுத்துல அளவு டேப்பு தொங்குது. பஸ்ல இப்படியேவாக்கா வந்தே?"

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், தங்கையின் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

"எந்தப் புண்ணியவான்டி இதைத் தைச்சான்?"

"நீ பேசாம இருந்தா நான் வேற ஆள்கிட்டதானே போகணும்?" என்ற தங்கை, வாசலிலேயே, தெருவெல்லாம் பார்க்க, அளவெடுக்க வசதியாக இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.