முந்திரி இல்லாத கிறிஸ்துமஸ் கேக்

என் மகள் ஓகிப் புயலுக்கு அடுத்த ஆண்டு பிறந்தவள். அவளுடைய ஒவ்வாமை வெளிப்பட்டது, கொரோனாவுக்குப் பின் ஆள்கணக்குப் பார்க்காமல் கல்யாணங்களுக்கு அழைக்கத் தொடங்கிய மாதங்களில். உறவினர் வீட்டுப் பந்தியில் பாயசத்தில் கிடந்த ஒரு முந்திரியைக் கடித்தாள். உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது, நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. பரிசோதனைகள் முடிந்ததும் மருத்துவர் இரண்டைச் சொன்னார்: முட்டை, முந்திரி. பொருள் மட்டுமல்ல, அவை பட்ட கரண்டிகூட ஆகாது.

மருத்துவர் ஒருவர்தான். வீட்டுக்குத் திரும்பியபோது பல மருத்துவர்கள் காத்திருந்தார்கள். வயிற்றில் பூச்சி என்றார் ஒருவர். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்க வேண்டும் என்றார் என் அத்தை. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த சித்தப்பா மட்டும் விஷயம் புரிந்தவராகப் பேசினார். "அங்கெல்லாம் எதுல என்ன இருக்குண்ணு பாக்கெட்டுலயே எழுதிப் போட்டிருப்பான் மக்கா. நம்ம ஊருல எவன் வாசிக்கான்?" என்று வருந்திவிட்டு, மகளிடம் ஒரு சாக்லேட் பாக்கெட்டை நீட்டினார். அதில் முந்திரி என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது.

முந்திரி இங்கே வெறும் பருப்பு அல்ல, மரியாதை. போர்ச்சுக்கீசியர் கப்பலில் அதைக் கொண்டுவந்தது பதினாறாம் நூற்றாண்டில். அதற்கு முன்பும் இந்த மண்ணில் விருந்துகள் நடந்துதான் இருக்கின்றன. இதை நான் பல பந்திகளில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். சொன்ன பந்திகளில் எனக்கு இரண்டாம் முறை பாயசம் வந்ததில்லை.

என் மனைவி பேசிக்கொண்டிருக்காமல் கேக் செய்யக் கற்றுக்கொண்டாள். முட்டைக்குப் பதில் மசித்த மட்டி வாழைப்பழம், வெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய். முதல் கேக்கை வெட்டும்போது கத்தியின் பிடி கழன்றது. அடுத்ததைக் கரண்டியால் குடிக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்ததைப் பக்கத்து வீட்டு அக்கா ருசி பார்த்துவிட்டு, "கொள்ளாம் மக்ளே, இட்டிலிக்கு என்ன அரிசி போட்ட?" என்று கேட்டார். சமையல் சோடாவோடு கொஞ்சம் வினிகர் சேர்க்க வேண்டும் என்று கண்டுபிடித்த பிறகு, கேக் கேக்காகவே வந்தது.

அந்தக் கேக்கை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டுதான் மகள் ஓய்வுநாள் பள்ளியின், அதாவது சபையின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பின், கிறிஸ்துமஸ் விழாவுக்குப் போவாள். மற்றப் பிள்ளைகள் வரிசையில் நின்று கேக் வாங்குவார்கள். இவள் பெஞ்சின் ஓரத்தில் டப்பாவைத் திறப்பாள். போன கார்த்திகையில் ஒருநாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "இந்த வருசம் டப்பா வேண்டாம். நானும் லைன்ல நிப்பேன்."

சபைக் கமிட்டியில் போய்க் கேட்டேன். திருவட்டாறு சாலையில் இருக்கும் எங்கள் சபையின் செயலர் முந்திரி ஆலை வைத்திருப்பவர். ஆண்டுதோறும் பிள்ளைகளின் கேக்குக்குப் பருப்பு அவருடைய காணிக்கை.

"அண்டிப்பருப்பு இல்லாத கேக்கக் குடுத்தா, நான் கஞ்சப்பயலுண்ணுல்லா ஊருல சொல்லுவானுவ," என்றார் செயலர்.

"நம்ம காலத்துல இந்த அலர்ஜியெல்லாம் உண்டா?" என்றார் பொருளாளர்.

"உண்டு சார். பேரு தெரியாம பொதச்சிருப்பாவ," என்றார் ஓய்வுநாள் பள்ளி டீச்சர். இளம்பெண். அதற்குப் பிறகு கூட்டம் சற்று வேகமாக நடந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் முட்டையும் முந்திரியும் சேராத ஒரே கேக் என்று தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் செயலர் என்று எழுதிக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் மாவைக் கலந்து பேக்கரிக்குக் கொண்டுபோவார்கள். அங்குள்ள போர்மாவில், அதாவது பெரிய விறகு அடுப்பில், சுட்டு வாங்கி வருவார்கள். பிள்ளைகளின் விழாவுக்காக என் மனைவி கலந்த மாவு எல்லோருக்கும் முன்னால், காலையிலேயே உள்ளே போனது. பேக்கரிக்காரர் தட்டுகளை எங்கள் கண்முன்னால் கழுவினார். "உங்க கேக்குக்கு போலீஸ் காவலும் வேணுமா சாரே?" என்று கேட்டார். வேண்டியிருந்தது என்பது பிறகு தெரிந்தது. சுட்டு ஆறிய ஒவ்வொரு தட்டையும் துவைத்த துணியில் இறுக முடிச்சுப் போட்டுக் கட்டி, ஆலய அலுவலக அறையில் வைத்துவிட்டு வந்தாள் மனைவி.

மறுநாள் மாலை, பாட்டும் நாடகமும் முடிந்து, மேசைமேல் கேக்குகளைக் கொண்டுவந்து பரப்பினார்கள். ஒவ்வொன்றின் மேலும் பாதிப் பருப்புகளால் அழகான நட்சத்திரம் பதித்திருந்தது.

செயலரின் மனைவி பெருமையோடு நின்றிருந்தார். "மொட்டையா இருந்துது பிள்ளே. பாக்கதுக்கு துக்க வீட்டு சாதனம் மாதிரி. அதான் ராத்திரியே வந்து கொஞ்சம் தேன் தொட்டு ஒட்டுனேன்."

"அக்கா, பருப்பு கூடாதுண்ணுல்லா தீர்மானம் போட்டது?" என்றாள் என் மனைவி.

"அது உள்ளுக்குல்லா. உள்ள ஒரு பொடி கெடயாது. இது மேலதானே."

"மேல பட்டாலும் அவளுக்கு ஆகாது அக்கா."

"அதுக்கென்னா, பிள்ளைக்குக் குடுக்கம்ப நானே எடுத்துட்டுக் குடுக்கேன்," என்று நட்சத்திரத்தின் ஒரு முனையை விரலால் நோண்டத் தொடங்கினார். அன்பில் குறையே சொல்ல முடியாது. எங்கள் ஊரில் குழந்தைகளை ஆபத்தில் தள்ளுவது பெரும்பாலும் இந்த அன்புதான்.

மகள் வரிசையில் நின்றிருந்தாள். முதுகில் தேவதூதனின் அட்டை இறக்கைகள். முந்திரியை அவள் தூரத்திலிருந்தே கண்டுகொள்வாள். அழவில்லை. ஆனால் வரிசையை விட்டு விலகவும் இல்லை. அவளுக்குப் பின்னால் நின்ற பையன் முன்னே தள்ளிக்கொண்டிருந்தான். கையில் டப்பாவும் இல்லை. அவள் சொன்னபடி நாங்கள் கொண்டுவரவில்லை.

டீச்சர் மேசைக்கு வந்தார். "எல்லாத்துலயும் ஒட்டியாச்சா ஆன்ட்டி?"

செயலரின் மனைவி முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கெடக்கு. பருப்பு தெகயல்ல. நாணக்கேடுண்ணு ஆபீஸ் ரூம் அலமாரிக்குள்ள வச்சிருக்கேன். கட்டுகூட அவுக்கல்ல."

மனைவி போய்ப் பார்த்தாள். அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. டீச்சர் கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவி, தனி மேசையில் அந்தக் கேக்கை வைத்து, சிறுபிள்ளைகள் வகுப்பு மட்டும் இந்தப் பக்கம் வரட்டும் என்றார். சிறுபிள்ளைகளின் வரிசை மொத்தமாகத் திரும்பியது. அதில் இறக்கைகளும் திரும்பின. நட்சத்திரக் கேக்குகள் பெரியவர்களுக்கும் பெரிய வகுப்புகளுக்கும் போயின.

"மொட்டக் கேக்கயா மொதல்ல குடுக்கது?" என்று செயலர் என்னிடம் வருத்தத்தோடு கேட்டார். அவருக்கு உண்மையிலேயே மனம் பொறுக்கவில்லை. நான் மகளுக்காக எங்கு போனாலும் கொண்டுபோகும் மருந்துப் பையின் ஜிப்பைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்திருந்தேன்.

அவளுக்கு முன்னால் நின்றவளுக்குக் கிடைத்த அளவே அவளுக்கும் கிடைத்தது. பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, இரண்டு பக்கத்துத் துண்டுகளையும் தன் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தின்றாள். பிறகு எழுந்து போய் டீச்சரிடம் ஏதோ கேட்டாள். திரும்பி எங்களிடம் ஓடி வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு.

"இன்னொரு பீஸ் கேட்டேன்," என்றாள். "தர மாட்டேன்னுட்டாவ. எல்லாருக்கும் ஒண்ணுதானாம்."